பாய்மரத்தைத் தாங்குவது எது?



ரப்பர் மரங்களுக்கு நடுவே பிறந்து, தோட்டப் பள்ளியில் படித்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்று, மீண்டும் தோட்டப் பள்ளிக்கே ஆசிரியையாக வந்து சேர்ந்தவள் நான். இப்படிப்பட்ட ஒருத்திக்குப் பாய்ப்படகைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடையாக, என் மேசைக்கு வந்து சேர்ந்த ஓர் உடைந்த எஃகுத் துண்டின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஈப்போவிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் சென்றால் லூமுட் வரும். அதற்கு நேர் எதிரே பங்கோர் தீவு. 1990 முதல் நடந்துவரும் ராஜா மூடா சிலாங்கூர் பாய்ப்படகுப் போட்டியில் கிள்ளான் துறைமுகத்திலிருந்து லங்காவிக்குச் செல்லும் படகுகள் பங்கோரில் தங்கிச் செல்வது வழக்கம். அந்த வட்டாரத்துப் படகுப் பட்டறை ஒன்றில் என் பழைய மாணவன் ஒருவன் வேலை பார்க்கிறான். அவனும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து, பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கினார்கள். 16 அடி நீளப் படகு, அலுமினியப் பாய்மரம். கம்பிகளெல்லாம் பழையன என்பதால் சேர்த்து வைத்திருந்த வெள்ளியைச் செலவழித்துப் புதிய கம்பிகளைக் கட்டினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாணவன் தன் தம்பியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். தம்பி அப்போது என்னிடம் ஐந்தாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தான்.

பாய் விரித்து அரைமணி நேரம் ஆகவில்லை. காற்றும் பலமாக இல்லை. பட்டென்று ஒரு சத்தம். பாய்மரம் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. சின்னவனின் தோளில் அடி. காறை எலும்பு விரிந்துவிட்டது. தலையில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுவாரம் அண்ணன் என்னைத் தேடி வந்தான். செய்தித்தாளில் சுற்றிய ஒரு தகட்டுத் துண்டை மேசைமேல் வைத்தான். "டீச்சர், கம்பி எல்லாம் புதுசு. ஒண்ணுகூட அறுந்துபோகல. அப்புறம் ஏன் மரம் சாஞ்சிச்சு?" என்று கேட்டான்.

அன்று மாலை அந்தத் துண்டை என் தந்தையாரிடம் காட்டினேன். தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் பல ஆண்டுகள் எஞ்சின் பார்த்தவர் அவர். விளக்கடியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பசங்க கம்பியைப் பார்த்தாங்க, முனையைப் பார்க்கல" என்றார். நேயர்களே, நான் இன்று சொல்லப்போவது அனைத்தும் அந்த ஒரு வாக்கியத்தின் விளக்கமே.

பாய்ப்படகில் இரண்டு வகைக் கயிறுகள் உண்டு. பாயை ஏற்றவும் இறக்கவும் இழுக்கவும் பயன்படுபவை ஒரு வகை. பாயை மேலே ஏற்றும் கயிற்றை நம் கடலோடிகள் ஆஞ்சான் என்பார்கள். இவை ஓடும் கயிறுகள். மற்றொரு வகை, ஓடாமல் அசையாமல் நின்று பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவை. இவற்றைத் தாங்குகம்பிகள் என்று சொல்லலாம். படகின் முன்முனைக்கு ஒன்று, இரு பக்கங்களுக்கும் ஒவ்வொன்று. சில படகுகளில் பின்னாலும் ஒன்று. முன்பு நம் லயத்து வீடுகளில் தொலைக்காட்சி ஏரியல் கம்பத்தை மூன்று பக்கமும் கம்பி கட்டி நிறுத்தியிருந்தோம் அல்லவா? அதே தத்துவம்தான். சிறுவர்கள் பயிலும் ஆப்டிமிஸ்ட் என்னும் குட்டிப் படகில் மட்டும் தாங்குகம்பி கிடையாது. அதன் சிறிய மரம் தன் குழியிலேயே நின்றுகொள்ளும். படகு பெரிதாகிப் பாய் அகன்றுவிட்டால் கம்பியின்றி முடியாது.

இந்தக் கம்பிவடம் எங்கே பிறந்தது தெரியுமா? கடலில் அன்று, சுரங்கத்தில். ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் சங்கிலிகள் அடிக்கடி அறுந்து விபத்து நேர்ந்தது. வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்னும் சுரங்க அதிகாரி 1834-இல் இரும்பு இழைகளை முறுக்கி வடமாக்கிப் பயன்படுத்தினார். சங்கிலியில் ஒரு கண்ணி போனால் எல்லாம் போயிற்று. வடத்தில் ஓர் இழை அறுந்தால் மற்ற இழைகள் சுமையைத் தாங்கிக்கொள்ளும். கவனித்து மாற்றவும் நேரம் கிடைக்கும். பின்னர் கப்பல்களிலும் சணற்கயிறு இருந்த இடத்தைக் கம்பிவடம் பிடித்துக்கொண்டது.

ஈயச் சுரங்கங்களால் பெயர் பெற்ற நம் கிந்தா பள்ளத்தாக்கிலும் இதற்குச் சாட்சி உண்டு. பத்து காஜாவுக்கு அருகில் தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டப்பட்ட ஐந்தாம் எண் ஈயக் கப்பல் இன்றும் காட்சிப் பொருளாக நிற்கிறது. 1982 வரை உழைத்த அந்தப் பெரிய மிதவையைக் குட்டையில் நிலைநிறுத்தியவையும் கரையிலிருந்து கட்டிய எஃகு வடங்களே. பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றால் வாளிகளை மட்டும் காட்டாதீர்கள், வடங்களையும் காட்டுங்கள்.

இப்போது கம்பியைத் தேர்ந்தெடுப்பதற்கு வருவோம். கடையில் மூன்று வகை இருக்கும். பத்தொன்பது தனி இழைகளை ஒரே வடமாக முறுக்கியது முதல் வகை. ஏழு இழை கொண்ட புரிகள் ஏழினை முறுக்கியது இரண்டாம் வகை, 49 இழை. பத்தொன்பது இழை கொண்ட புரிகள் ஏழினை முறுக்கியது மூன்றாம் வகை, 133 இழை. இழைகள் மிகுந்தால் கம்பி நன்றாக வளையும். ஆனால் இழுத்தால் சற்று நீளும். ஆகவே கப்பியில் ஓடுவதற்கு மூன்றாம் வகை. நீளாமல் நிற்க வேண்டிய தாங்குகம்பிக்கு முதல் வகைதான் ஏற்றது. விலையில் சில வெள்ளி குறைகிறதே என்று வளையும் கம்பியை வாங்கித் தாங்குகம்பியாகக் கட்டினால், காற்று அடிக்க அடிக்க அது நீளும், மரம் ஆடும், ஆட்டம் முனைகளைத் தேய்க்கும்.

எத்தனை மில்லிமீட்டர் கனம் வேண்டும்? ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் போடக்கூடிய கணக்குத்தான் இது. சிறு படகில் இருவர், மொத்தம் 140 கிலோ எடை, படகின் நடுக்கோட்டிலிருந்து 1 மீட்டர் தள்ளி விளிம்பில் அமர்ந்து படகைச் சமன் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கக் கம்பி பிடிக்கும் இடம் நடுக்கோட்டிலிருந்து 70 சென்டிமீட்டர். 140-ஐ 0.7-ஆல் வகுத்தால் 200. அதாவது அந்தக் கம்பியில் ஏறத்தாழ 200 கிலோ இழுவிசை. அலையின் குலுக்கலுக்கும், திடீர்க் காற்றுக்கும், முன்கூட்டி இறுக்கி வைத்த இறுக்கத்துக்கும் இடம் விட்டு, அதை மும்மடங்காக்குங்கள்: 600 கிலோ. பத்தொன்பது இழைத் துருவேறா எஃகுக் கம்பி 3 மில்லிமீட்டர் கனத்தில் சுமார் 700 கிலோ வரையும், 4 மில்லிமீட்டரில் சுமார் 1,200 கிலோ வரையும் தாங்கும். ஆக 3 மில்லிமீட்டர் போதும். 4 மில்லிமீட்டர் நிம்மதி.

அப்படியானால் 6 மில்லிமீட்டர் போட்டுவிட்டால் இன்னும் நல்லதல்லவா என்று சிலர் நினைக்கலாம். அன்று. உயரத்தில் கூடும் ஒவ்வொரு கிலோவும் படகைச் சாய்க்கப் பார்க்கும். அதோடு, 6 மில்லிமீட்டர் கம்பியின் முனையில் பழைய சிறு ஆணியையே மாட்டினால் கம்பியின் பலத்தால் என்ன பயன்? யானையை வாழைநாரால் கட்டிய கதைதான்.

அடுத்து, எந்த உலோகம்? துத்தநாகம் பூசிய எஃகு மலிவானது. எண்ணெய் பூசிப் பராமரிக்க வேண்டும். ஆனால் அதனிடம் ஒரு நேர்மை உண்டு: கெட்டுப்போனால் துருவாகக் காட்டிக்கொடுத்துவிடும். நாம் எவர்சில்வர் என்று சொல்லும் துருவேறா எஃகு பளபளப்பாக இருக்கும். நீண்ட நாள் உழைக்கும். ஆனால் உள்ளே விரிசல் கண்டிருந்தாலும் வெளியே சிரித்துக்கொண்டிருக்கும்.

அந்த எஃகிலும் இரண்டு தரம் உண்டு. 304 என்னும் தரத்தில் நூற்றுக்குச் சுமார் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் இருக்கும். 316 என்னும் தரத்தில் இவற்றோடு 2 முதல் 3 பங்கு மாலிப்டினமும் சேரும். உப்பை எதிர்த்து நிற்க உதவுவது இந்த மாலிப்டினம். நம் கடற்கரைபோல வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் 316-ஐக் கேட்டு வாங்குவதே நன்று.

இப்போது டைனீமா என்னும் செயற்கை இழைக் கயிறும் வந்திருக்கிறது. அதே கனத்து எஃகுக் கம்பியைவிட வலிமையானது. தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு இலேசானது. இயந்திரமின்றிக் கையாலேயே பின்னி முனை செய்யலாம். ஆனால் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. கூரான விளிம்பில் உராயவிடக் கூடாது. முடிச்சுப் போட்டுக் கட்டக் கூடாது; முடிச்சு அதன் பலத்தில் பாதியைத் தின்றுவிடும். ஓயாத இழுவிசையில் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும் குணம் அதற்கு இருப்பதால், தேவைக்கு மேற்பட்ட கனத்தில் வாங்க வேண்டும்.

நேயர்களே, இனி முனைகளுக்கு வருவோம். பத்தொன்பது இழைகள் கூடித் தாங்கும் சுமையை முனையில் தாங்குவது ஒரே ஓர் ஆணி, ஒரே ஒரு தகடு. வடமாக வந்தது அங்கே மறுபடி சங்கிலியாகிவிடுகிறது. ஆல்பர்ட் எந்த ஆபத்துக்கு அஞ்சினாரோ, அது நம் படகின் முனைகளில் இன்னும் குடியிருக்கிறது.

கம்பிக்கு முனை அமைக்க மூன்று வழிகள் உண்டு. கம்பியை வளைத்துக் கண்ணியாக்கி, உள்ளே ஓர் உலோக வளையம் வைத்து, சிறு குழலை அழுத்தி இறுக்குவது ஒன்று. மலிவானது, வளையும் கம்பிகளுக்குப் பொருந்தும், பத்தொன்பது இழைக் கம்பியோ அவ்வளவு இறுக்கமாக வளைய விரும்பாது. கடலில் துருவேறா எஃகுக் கம்பிக்குச் செம்புக் குழலே ஏற்றது. அலுமினியக் குழலை உப்பு அரித்துவிடும். கம்பியின் நுனியை எஃகுக் குழலுக்குள் செலுத்திப் பெரிய இயந்திரத்தால் நசுக்கிப் பிடிக்கச் செய்வது இரண்டாவது. சுத்தமான வேலை, ஆனால் கீழ்முனைக் குழலில் உப்புநீர் இறங்கித் தங்கி, நாளடைவில் குழல் விரிசல் காணும். மூன்றாவது, திருகிப் பூட்டும் முனை. விலை அதிகம். ஆயினும் கழற்றி உள்ளே பார்க்கலாம். கம்பி மாற்றும்போது முனையை மறுபடி பயன்படுத்தலாம். மூன்றையும் வாங்க வசதி இல்லாவிட்டால், மேல்முனைக்கு இரண்டாவது, கீழ்முனைக்கு மூன்றாவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லாட வடிவ ஆணியும் தாடையும் கொண்ட கம்பிப் பிடிப்பானைத் தோட்டத்தில் பலரும் பார்த்திருப்பீர்கள். அவசரத்துக்கு அதுவும் உதவும். மாட்டும்போது, சுமை இழுக்கும் நீண்ட கம்பியின்மேல் தாடை அமர வேண்டும்; லாட ஆணி வெட்டிய குட்டை முனையின்மேல் வர வேண்டும். மாற்றிப் போட்டால் ஆணி, வேலை செய்யும் கம்பியையே நசுக்கும். என் தந்தையார் இதைத் தவறாக மாட்டிய இளைஞர்களைக் கடிந்துகொண்டதை நான் சிறுமியாக இருந்தபோதே கேட்டிருக்கிறேன்.

கம்பியைத் தேவைக்கேற்ப இறுக்க உதவுவது டர்ன்பக்கிள் என்னும் திருகுக்கருவி. எஃகுத் திருகு எஃகு உடலில் சுழலும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் போய்விடுவது உண்டு. ஆகவே வெண்கல உடலும் எஃகுத் திருகும் உள்ளதை வாங்குங்கள். இல்லையேல் கொழுப்புப் பசை தடவிய பிறகே திருகுங்கள். பித்தளையை வாங்காதீர்கள். கடல்நீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அரித்தெடுத்து, எஞ்சியதைப் பொரிபோல ஆக்கிவிடும். செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலத்துக்கு அந்த நோய் இல்லை. நம் பேராக் மண்ணிலிருந்து வாரிய ஈயம் உலகின் எத்தனை படகுகளில் இப்படி உழைத்ததோ!

டர்ன்பக்கிளுக்குக் கீழே டாகிள் என்னும் சிறு மூட்டு ஒன்று இருக்க வேண்டும். நம் மணிக்கட்டுப்போல எப்பக்கமும் வளைந்து கொடுப்பது அது. அது இல்லாவிட்டால், மரம் ஆடும் ஒவ்வொரு முறையும் திருகு வளைந்து நிமிரும். ஒரு கம்பியை ஓயாமல் வளைத்து நிமிர்த்தினால் என்ன ஆகும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

மூட்டை மூட்டோடு சேர்க்கும் ஆணி, துளையை நிரப்பி நிற்க வேண்டும். தொளதொளவென்று ஆடக் கூடாது. ஆணி நழுவாமல் காப்பது கொண்டை ஊசி போன்ற ஒரு பிளவு ஊசி. சில சென் பெறுமான இந்தச் சிறு ஊசிதான் முழுப் பாய்மரத்துக்கும் காவலாளி. அதன் இரு கால்களையும் சற்றே விரித்துவிட்டு, மேலே நாடா சுற்றிவிடுங்கள். ஒருமுறை மடக்கி நிமிர்த்திய ஊசியை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

அலுமினியப் பாய்மரத்தில் எஃகுத் துணுக்கை நேரடியாகப் பொருத்தினால், உப்புநீர் இடையே புகுந்து இரண்டையும் ஒரு மின்கலம்போல ஆக்கிவிடும், அரிபடுவது அலுமினியம். இடையில் நைலான் தகடோ காப்புப் பசையோ வையுங்கள்.

இனி, அந்தச் செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரிப்போம். உள்ளே இருந்தது, பக்கக் கம்பியைப் படகோடு பிணைக்கும் பிடிப்புத் தகடு. படகின் மேல்தளத்தைத் துளைத்துக் கீழே இறங்கும் தகடு அது. தளத்துக்கு மேலே தெரிந்த பகுதி கண்ணாடிபோல மின்னியது. உடைந்த இடமோ தளத்தின் துளைக்குள் மறைந்திருந்த பகுதி. பள்ளியின் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். உடைந்த முகத்தில் முக்கால் பங்கு பழுப்பேறிக் கிடந்தது; கால் பங்கு மட்டுமே புதிதாக மின்னியது. அதாவது, அது அந்த ஞாயிற்றுக்கிழமை உடையவில்லை. நெடுநாளாகவே உடைந்துகொண்டிருந்தது, கடைசிக் கால் பங்குதான் அன்று உடைந்தது.

ஏன் அப்படி? துருவேறா எஃகைக் காப்பது அதன்மேல் படரும் குரோமிய ஆக்சைடு என்னும் மெல்லிய படலம். அது கீறினாலும், காற்றிலுள்ள பிராணவாயு பட்டவுடன் மறுபடி உண்டாகிவிடும். ஆனால் காற்று புகாத இடுக்கில் உப்புநீர் தேங்கினால், படலம் புதுப்பிக்கப்படுவதில்லை. உலோகம் குழிவிழுந்து விரிசல் காண்கிறது. எவர்சில்வர் பாத்திரத்தில் ஈர உப்பைப் போட்டு வைத்தால் அடியில் புள்ளி புள்ளியாக அரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்புக்கு ஜாடிதான் என்று நம் பாட்டிமார்கள் வைத்த வழக்கம் வீண் போகவில்லை.

மரம் சாய்வது சிறு படகுக்கு மட்டும் வரும் கேடு அன்று. 1999-இல் நம் நாட்டின் டத்தோ அஸார் மன்சோர் ஜாலூர் கெமிலாங் என்னும் படகில் தனியாக உலகைச் சுற்றி வந்தார். அப்பயணத்தை முடித்த முதல் மலேசியர் அவர். வழியில் அவருடைய பாய்மரமும் முறிந்தது. வெளி உதவி பெற்றே பயணத்தைத் தொடர முடிந்தது. நம் மேற்குக் கரையிலோ சுமாத்ரா என்னும் திடீர்ப் புயற்காற்று முன்னறிவிப்பில்லாமல் வரும். அது வரும் நேரத்தில் ஆணியைச் சரிபார்க்க முடியாது.

ஆகவே, கடலுக்குச் செல்லும் முன் கரையிலேயே பாருங்கள். ஒரு பருத்திக் கைக்குட்டையைக் கம்பியின்மேல் மேலிருந்து கீழாக இழுங்கள்; அறுந்த இழை இருந்தால் துணி மாட்டும். ஓர் இழை அறுந்திருந்தாலும் அக்கம்பியை மாற்றிவிடுங்கள். முனைக் குழல்களை உருப்பெருக்கியால் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பிடிப்புத் தகடுகளைக் கழற்றி, மறைந்திருக்கும் பகுதியைத் தேய்த்துப் பாருங்கள். குறையே தெரியாவிட்டாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் துருவேறா எஃகுத் தாங்குகம்பிகளை நம்பாதிருப்பது கடலோடிகளின் பொது வழக்கம். நம் வெப்பக் கடலில் அதற்கு முன்பே மாற்றுவது நல்லது.

என் மாணவனும் நண்பர்களும் அந்தப் படகை மறுபடி கட்டினார்கள். இம்முறை கம்பிக்குச் செலவழித்ததைவிட முனைகளுக்கு அதிகம் செலவழித்தார்கள். பிடிப்புத் தகடுகளைத் தளத்தின் துளைக்குள் இறக்காமல், படகின் வெளிப்பக்கத்திலேயே, காற்றும் கண்ணும் படும்படி பொருத்தினார்கள். அழகு சற்றுக் குறைவுதான். ஆனால் மறைவிடம் இல்லை.

காறை எலும்பு கூடிய பின், தம்பியும் ஒருநாள் லூமுட்டுக்குச் சென்றான். படகில் ஏறுவதற்கு முன் அவனாகவே என் பழைய கைக்குட்டை ஒன்றை எடுத்து ஒவ்வொரு கம்பியாக உருவிப் பார்த்தானாம். பிறகு குனிந்து கீழ்முனை ஊசிகளை ஒன்று, இரண்டு என்று விரல் வைத்து எண்ணினானாம். எல்லாம் சரி என்று அவன் சொன்ன பிறகுதான் அண்ணன் பாயை ஏற்றினான்.

கம்பியை வாங்குவது ஒருநாள் வேலை, நேயர்களே. முனையைப் பார்ப்பது ஒவ்வொரு நாள் வேலை.